அஞ்சலாவின் பல்லுக்கொதி

அஞ்சலாவுக்குப் பல்லுக்கொதி என்பது ஊருக்கே தெரியும். அவளுடைய பல்லில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவளுக்கும், அவள் புருஷன் சில்வெஸ்ரருக்கும், யாழ்ப்பாணத்தில் அவளைப் பார்த்த டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

கட்டி வந்தது மார்பில். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதென்று ஒரு நாள் குசினிக்குள் வைத்துச் சொன்னாள். சொன்ன கையோடு, "இஞ்சேருங்கோ, இது ஒருத்தருக்கும் தெரியப்படாது. துறையடியில நிண்டு ஆம்பிளையள் என்ர நெஞ்சைப் பற்றிக் கதைக்க நான் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டன்" என்றாள். ஊர்காவற்றுறைத் துறையடியில் மீனுக்குக் காத்து நிற்கிறவர்கள் எதையெல்லாம் கதைப்பார்கள் என்று சில்வெஸ்ரருக்கு நன்றாகத் தெரியும். அவரும் அங்கே நின்று கதைக்கிறவர்தான். அந்தோனியார் மேல் ஆணையாக வாய் திறப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

சத்தியம் பண்ணுவது சுகம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். விடியக்காலை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோதே பக்கத்து வீட்டு ஜெனீற்றா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணை, அக்காவையும் கூட்டிக்கொண்டு காலமை வெள்ளன எங்க?"

சில்வெஸ்ரர் பொய் தெரியாத மனிதர் அல்ல. எந்தப் பக்கத்தில் மீன் பட்டதென்று யாருக்கும் அவர் உண்மை சொன்னதில்லை. ஆனால் இந்தப் பொய்க்கு ஆயத்தமில்லாமல் நின்றுவிட்டார். வாயில் வந்தது வாயிலேயே இருந்த பல்லுத்தான். "பல்லுக்கொதி" என்றார்.

அன்று தொடக்கம் வீட்டுக்குக் கராம்பு எண்ணெய் வந்துகொண்டிருந்தது. கொய்யா இலை வந்தது. உப்புத்தண்ணீரை எந்தச் சூட்டில் கொப்பளிக்க வேண்டும் என்பதில் இரண்டு பெண்கள் கதைவழிப்பட்டார்கள். ஜெனீற்றா ஒருபடி மேலே போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அஞ்சலாவின் பல்லுக்காக ஒப்புக்கொடுத்தாள். சுவாமியார் அதை ஒலிபெருக்கியில் வாசிக்க, கோயில் முழுக்க முழந்தாளில் நின்று ஒரு பல்லுக்காக மன்றாடியது. அஞ்சலா கன்னத்தில் கையை வைத்தபடி குனிந்திருந்தாள். இவ்வளவு மன்றாட்டும் பிழையான இடத்துக்குப் போகிறதே என்று சில்வெஸ்ரர் கவலைப்பட்டார்.

டொக்டர் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். இனி முடிவு வரவேண்டும். இங்கேதான் காப்புறுதி குறுக்கே வந்தது.

தீவகச் சுகவாழ்வுக் காப்புறுதித் திட்டத்தில் தீவார் எல்லாரும் பதிந்திருந்தார்கள். பதிந்தவர்களுக்கு ஒரு குடை கொடுத்தார்கள், அதனால்தான் பதிந்தார்கள். குடையைச் சுற்றி, "உங்கள் இரகசியம் எங்கள் உயிர்மூச்சு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. திட்டத்தின் விதிப்படி, பதிந்தவர்களின் சோதனை முடிவு ஆஸ்பத்திரிக்கு நேரே போகாது. அதற்குக் கூருணர்வுத் தகவல் என்று பெயர். உறையில் போட்டு, அரக்கு வைத்து, ஊர்காவற்றுறையில் இருக்கும் காப்புறுதிக் கந்தோருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது பாதுகாக்கப்படும்.

"அதைப் பாத்தால்தான் வெட்டுறதோ மருந்து ஏத்துறதோ எண்டு நான் சொல்லலாம்" என்றார் டொக்டர். "பிந்தப்படாது. நான் கேட்டு எழுதினனான். டொக்டர் மூன்றாம் தரப்பாம், தர ஏலாதாம்."

"திரும்ப ஒருக்கா சதை எடுக்க ஏலாதோ டொக்டர்?"

"எடுக்கலாம். அதுவும் அங்கைதான் போகும்."

ஆகவே சில்வெஸ்ரர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

கந்தோர் துறைக்குப் போகிற தெருவில், பழைய களஞ்சியக் கட்டிடத்தில் இருந்தது. உள்ளே இரண்டு பிரிவுகள். ஒன்று அந்தரங்கப் பாதுகாப்புப் பிரிவு. மற்றது வெளிப்படைத்தன்மைப் பிரிவு. இரண்டும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்தன. பணிப்பாளர் குலசிங்கம் இரண்டுக்கும் பொறுப்பு. காலையில் ஒரு கதிரையிலும் பின்னேரம் மற்றக் கதிரையிலும் இருப்பார் என்று சொன்னார்கள்.

மக்கள் பேசுகிற இடத்தில் தடித்த கண்ணாடி போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்காது, அவ்வளவு பாதுகாப்பு. அதனால் எல்லாரும் கத்தினார்கள். வரிசையில் நிற்பவர்களுக்காகச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: "மற்றவர் பேசும்போது காதைப் பொத்தவும்." நயினாதீவிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வந்தவர்கள் விதியை மதித்துக் காதைப் பொத்தியபடி, விரல்களுக்கு நடுவில் கொஞ்சம் நீக்கல் விட்டு நின்றார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசிய இலக்கம். இரகசியம் என்றபடியால் அதைக் கூப்பிட முடியாது. உள்ளே இருந்த நிலுஷா என்ற பெண்பிள்ளை இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, கண்ணாடியில் ஒரு கணம் ஒட்டிக் காட்டிவிட்டு மறைத்துக்கொண்டாள். கண் தெரியாத கிழவர்கள் காலையிலிருந்து அங்கேயே இருந்தார்கள். சில்வெஸ்ரருக்குக் கடல் கண். டக்கென்று கண்டுபிடித்து எழும்பிப் போனார்.

"பிள்ளை, என்ர மனுசி அஞ்சலாவின்ர..."

நிலுஷா பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினாள். "ஐயோ அண்ணை, பேர் சொல்லப்படாது! இஞ்சை ஒருத்தருக்கும் பேர் இல்லை. பேரெல்லாம் நாங்கள் முதல் கிழமையே அழிச்சுப்போட்டம். இலக்கத்தைச் சொல்லுங்கோ. சரி, இனி இரகசியச் சொல்லு. உங்களுக்கும் உங்கட மனுசிக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு சொல்லு. ஒருவர் பதியவேணும், மற்றவர் வந்து சொல்லவேணும். பொருந்தினால் கோப்புத் திறக்கும்."

"அந்தோனியார்" என்று சில்வெஸ்ரர் கத்தினார்.

நிலுஷா பெருமூச்சு விட்டாள். "அண்ணை, ஊர்காவற்றுறை ஆக்கள் முழுப்பேரும் அந்தோனியார்தான். நயினாதீவு ஆக்கள் முழுப்பேரும் நாகபூசணி அம்மன். போன மாசம் ஒருத்தர் தன்ர மூலவருத்தக் கோப்பைத் திறக்க வந்து, தெரியாமல் பள்ளிக்கூடத்து அதிபரின்ர மூலவருத்தக் கோப்பைத் திறந்துபோட்டார். பெரிய பிரச்சினை. வேற சொல்லு வேணும்."

வரிசையில் காதைப் பொத்தி நின்றவர்கள், எந்தப் பள்ளிக்கூடம் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

வள்ளத்தின் பெயரைச் சொன்னார். வள்ளத்திலேயே எழுதியிருக்கிறதென்று தள்ளிவிட்டாள். மகளின் பெயரைச் சொன்னார். பெயர் என்றதும் திரும்பவும் கையை ஆட்டினாள். சத்தம் கேட்டுப் பணிப்பாளர் குலசிங்கமே எழும்பி வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். கதைக்கும்போது மேடையில் நிற்பதாகவே நினைத்துக்கொள்வார். சில்வெஸ்ரரைப் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

"பயனாளி, நீர் இதை வேற ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை ஐயா. அந்தோனியாரிட்டை மட்டும் முறையிட்டனான்."

"அவர் சம்மதப் பத்திரத்தில கையெழுத்து வைச்சவரோ?"

"அவர் கோயில்ல நிக்கிறவர் ஐயா. புனிதர்."

"ஆராயிருந்தாலும் மூன்றாம் தரப்பு" என்று குலசிங்கம் குறித்துக்கொண்டார். பிறகு கதிரையில் சாய்ந்து, தொண்டையைச் செருமி, பேசத் தொடங்கினார்.

"நான் உம்மட்டை ஒண்டு கேக்கிறன். நோயாளியின்ர தகவலை ஆரிட்டையிருந்து பாதுகாக்கவேணும்? கள்ளரிட்டையிருந்தோ? கள்ளனுக்கு உம்மட மனுசியின்ர சதைத்துண்டு என்னத்துக்கு? நாங்கள் ஆய்வு செய்து பாத்தனாங்கள். வெளியில போன நோய்த்தகவல் எல்லாம் ஆரின்ர வாயால போனது? நோயாளியின்ர வாயால! முடிவைக் கையில குடுத்தால் அவை என்ன செய்யினம்? தாய்க்குச் சொல்லினம். தமக்கைக்குச் சொல்லினம். கனடாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லினம். டொக்டருக்குக்கூடச் சொல்லினம்! அதுதான் நாங்கள் தொடக்கத்திலையே வழியை அடைச்சுப்போட்டம். தெரியாத ஒண்டை ஒருத்தராலும் வெளியில விட ஏலாது. திட்டம் தொடங்கின நாள் தொட்டு இந்தக் கந்தோரால ஒரு முடிவும் வெளியில போகேல்லை. வெளிநாட்டிலையிருந்து வந்து பாத்தவையே ஆச்சரியப்பட்டுப் போனவை."

"அப்ப வருத்தம் ஐயா?"

"வருத்தம் எங்கட பிரிவு இல்லை" என்றார் குலசிங்கம்.

சில்வெஸ்ரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏறி ஓட மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சொல் என்று கேட்டபோதே அவருக்கு ஒன்று ஞாபகம் வந்திருந்தது. ஆனால் அது அவர் தனியே எடுத்துக் கொடுக்கக்கூடிய சாமான் அல்ல.

கலியாணம் முடித்த புதிதில் அஞ்சலா மெல்லிய பெண். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள், வலையில் விழுந்த சூடைமீன் போல எந்நேரமும் துள்ளிக்கொண்டு திரிவாள். அப்போது அவர் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார். சூடைக்குஞ்சு. அறைக்கதவு சாத்திய பிறகு மட்டும் கூப்பிடுகிற பெயர். மகள் வளர்ந்து கலியாணம் முடித்து மன்னாருக்கும் போய்விட்டாள், அவளுக்குக்கூட இது தெரியாது. அஞ்சலா இப்போது மெல்லியவளும் அல்ல, துள்ளுகிறவளும் அல்ல. கதவு சாத்தினால் அவருக்கு அவள் இன்னும் சூடைக்குஞ்சுதான்.

விஷயத்தைச் சொன்னதும் அஞ்சலா முதலில் சிரித்தாள், பிறகு வெட்கப்பட்டாள், கடைசியில் முகம் சுருங்கிவிட்டது.

"அதையோ குடுக்கப்போறியள்?"

"வேற என்ன இருக்கு எங்களிட்டை ஒருத்தருக்கும் தெரியாததெண்டு?"

அஞ்சலா தலையாட்டினாள். "சரி, குடுங்கோ. அவை இரகசியமாத்தானே வைச்சிருப்பினம்."

அடுத்த நாள் நிலுஷா கொடுத்த துண்டில் சில்வெஸ்ரர் பக்கத்தில் யாரும் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு அந்தச் சொல்லை எழுதினார். பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டுக் கடலுக்குப் போனவர். எழுத்துக்கூட்டி எழுத நேரம் எடுத்தது. நிலுஷா அதை வாங்கிப் பதிந்துவிட்டுத் துண்டை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டாள். அவருக்கு அது நம்பிக்கையாக இருந்தது. இனி மனுசியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதான், ஆனால் அடுத்த கிழமை ஏலாது, அது இரகசிய விழிப்புணர்வு வாரம் என்றாள்.

இரகசிய விழிப்புணர்வு வாரம் ஓர் ஓட்டோவில் வந்தது. ஓட்டோவின் மேல் ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் கிராமத்தில் வெளியில் சொல்லமுடியாத, மிகவும் பாரதூரமான நோய் உள்ளவர்கள் எவரும் வெட்கப்படத் தேவையில்லை. எமது உத்தியோகத்தர்கள் இன்றைய தினம் அவர்களின் வீடுகளுக்கு மாத்திரம் இரகசியமாக வருகை தருவார்கள்!"

ஊர் முழுக்கப் படலைக்கு வந்து நின்றது. பின்னால் கந்தோர் வான் வந்தது. வானுக்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். எங்கள் ஊர்களில் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோனது வெள்ளை வான் என்று யோசித்த ஒருத்தராவது அந்தக் கந்தோரில் இருந்திருக்கிறார், அவர் நன்றாக இருக்கட்டும். வான் ஒவ்வொரு வீடாகக் கடந்து வந்து சில்வெஸ்ரரின் படலையில் நின்றது. சீருடை போட்ட இரண்டு பேர் இறங்கி, ஒரு சொல்லும் பேசாமல், படலையில் பெரிய சிவப்பு ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். "இவ்வீட்டின் மிகமிகக் கூருணர்வுத் தகவல் பாதுகாக்கப்படுகிறது." சில்வெஸ்ரர் உரிக்கப் பார்த்தார். அது உரியாத பசை. உரித்தால் தண்டனை என்று கீழே சின்ன எழுத்திலும் இருந்தது.

பல்லுக்கொதிக்கு வான் வராது என்று யோசிக்க ஊருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. சிவப்பு என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன என்று துறையடியில் கூடி ஆராய்ந்தார்கள். சிவப்பு என்றால் தொற்றும் என்றார் ஒருவர். சில்வெஸ்ரர் வெளியூர் போய் வந்தபோது எதையோ கொண்டுவந்து மனுசிக்குக் கொடுத்துவிட்டார் என்றார் இன்னொருவர். அவர் போன வெளியூர் மன்னார். போனது மகளின் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு. அவருடைய மீனை வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். வாங்கினவர்களும் தங்கள் கையால் எடுக்காமல், பையை விரித்துப் பிடித்துப் போடச் சொன்னார்கள்.

"உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு கேவலம் வந்திராது" என்றாள் அஞ்சலா. அவளுக்கு இடக்கையைத் தூக்கினால் நோகத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் தோய்த்த உடுப்பைக் கொடியில் போட முடியாமல் வாளியோடு நின்றுவிட்டாள். வேலிக்கு மேலால் பார்த்த ஜெனீற்றா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். சிவப்பு ஸ்ரிக்கரை அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வாளியை வாங்கி எல்லா உடுப்பையும் காயப்போட்டாள். வாயாடி ஜெனீற்றா அன்றைக்கு ஒன்றுமே கேட்காமல் போனது சில்வெஸ்ரருக்குப் புதினமாக இருந்தது.

விழிப்புணர்வு வாரம் முடிந்ததும் புருஷனும் பெண்சாதியும் கந்தோருக்குப் போனார்கள். அங்கே ஒரு முன்னேற்றம் நடந்திருந்தது. கண்ணாடியால் ஒன்றும் கேட்கவில்லை என்ற முறைப்பாட்டுக்காக அந்தரங்கப் பிரிவு மைக் ஒன்று பூட்டியிருந்தது. மக்களோடு உத்தியோகத்தர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது மக்களுக்குத் தெரியவேண்டும் என்று வெளிப்படைத்தன்மைப் பிரிவு அந்த மைக்கின் ஒலிபெருக்கியை மண்டபத்தில் பூட்டியிருந்தது. இரண்டு பிரிவும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்திருந்தன.

இது அஞ்சலாவுக்குத் தெரியாது. நிலுஷா கையைக் காட்ட, மைக்குக்குக் கிட்டப் போய், சீலைத் தலைப்பை வாயில் பிடித்துக்கொண்டு, அவள் மெதுவாகச் சொன்னாள்:

"சூடைக்குஞ்சு."

மண்டபம் முழுக்கச் சூடைக்குஞ்சு என்று அதிர்ந்தது. காதைப் பொத்தியிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சில்வெஸ்ரருக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நிலுஷா கணினியைப் பார்த்தாள். "பொருந்தேல்லை அக்கா."

"அதுதான் பிள்ளை சொல்லு."

"அவர் எழுதினதில ஒரு எழுத்துக் குறையுது போல. ஒருக்கா எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ."

"சூ" என்றாள் அஞ்சலா. "டை" என்றாள். அவளுடைய குரல் நடுங்கியது. ஒலிபெருக்கி அந்த நடுக்கத்தையும் விடாமல் சொன்னது.

"நடுவில 'க்' வருமோ அக்கா, வராதோ?"

குலசிங்கம் எழும்பிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். "இது முக்கியமான கேள்வி" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "சூடை, குஞ்சு. சூடையினது குஞ்சு. ஆறாம் வேற்றுமைத் தொகை. ஒற்று மிகும்."

வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கையை உயர்த்தினார். "பணிப்பாளர் மன்னிக்கவேணும். குஞ்சு எண்டு செல்லமாச் சொல்லுறதாக இருந்தால் அது வேற. சூடை போன்ற குஞ்சு எண்டு வரும். அப்ப உவமைத்தொகை."

"அப்பவும் மிகும்."

"மிகும். ஆனால் காரணம் வேற."

எந்தக் கருத்தில் கூப்பிடுகிறவர் என்று அஞ்சலாவைக் கேட்டார்கள். மண்டபம் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சில்வெஸ்ரரைக் கேட்டார்கள். எந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்குப் பெரிய சிரிப்பு எழுந்தது. சில்வெஸ்ரர் திரும்பிப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள், கூடத் தொழில் செய்கிறவர்கள். யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் நிலுஷா 'க்' இல்லாமல் அடித்துப் பார்த்தாள். பொருந்தியது. "திறந்திட்டுது!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கணினியின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அஞ்சலா இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லும் பிள்ளை" என்றார் குலசிங்கம். "இந்தச் சொல்லு இப்ப மண்டபம் முழுக்கத் தெரியும். இது இனி இரகசியச் சொல்லோ?"

நிலுஷா தயங்கினாள். "இல்லை சேர்."

"பகிரங்கமான சொல்லால கோப்பைத் திறந்து காட்டினால் நாளைக்கு ஆர் பொறுப்பு? பூட்டும்."

நிலுஷா பூட்டினாள். அவள் கண் கலங்கினதைச் சில்வெஸ்ரர் கண்டார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"ஐயா, அது என்ர உடம்பு" என்றாள் அஞ்சலா. மைக் பக்கத்தில் இருந்ததால் அதையும் மண்டபம் கேட்டது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"அதுக்காகத்தான் அம்மா இவ்வளவு பாடுபடுறம்" என்றார் குலசிங்கம், மனதார. "புதுச் சொல்லொண்டு கொண்டுவாங்கோ. உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கவேணும்."

அவர்கள் வீட்டுக்கு வர முன்னமே சொல் துறையடிக்கு வந்துவிட்டது. சூடை விற்கிறவன் சில்வெஸ்ரரைக் கண்டதும் தேவைக்கு மேலே சத்தமாகக் கூவினான். எங்கள் தீவில் ஒருவனுக்குப் பட்டம் வைத்தால் அவன் பேரப்பிள்ளை வரைக்கும் அது போகும். இனி இந்தக் குடும்பம் சூடைக்குஞ்சு குடும்பம்தான். அன்றைக்குக் கதவைச் சாத்திய பிறகு சில்வெஸ்ரர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். சொல் வெளியே வரவில்லை. ஊரார் எல்லாரும் அறைக்குள் நிற்பதாக இருந்தது.

"இனி உன்னை என்னெண்டு கூப்பிடுறது?"

"பேரைச் சொல்லுங்கோவன்" என்றாள் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி. "அந்தக் கந்தோரில ஒருத்தரும் அதை மட்டும் சொல்லேல்லை."

சில்வெஸ்ரர் எழும்பி இருந்தார். உண்மைதான். அந்தக் கந்தோர் முழுவதிலும் இல்லாத சொல் அது ஒன்றுதான். மறுநாள் தனியே போய், துண்டில் "அஞ்சலா" என்று எழுதிக் கொடுத்தார். அது எழுத்துப் பிழை வராத சொல். எத்தனையோ தரம் எழுதியிருக்கிறார். நிலுஷா பதிந்து பார்த்தாள். திரையில் பச்சை வெளிச்சம் வந்தது.

குலசிங்கம் ஓடி வந்து பார்த்தார். "அருமை! எங்கட பதிவுகளில எங்கையுமே இல்லாத சொல்லு. இவ்வளவு வலுவான சொல்லை இந்தத் திட்டத்தில ஒருத்தரும் தரேல்லை."

"அது அவளின்ர பேர் ஐயா."

"உஷ்!" குலசிங்கம் நாலு பக்கமும் பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "வாயைத் திறக்காதையும். இனிமேல் இந்தச் சொல்லை வெளியில பாவிக்கப்படாது. வீட்டிலையும் கூப்பிடப்படாது. அயலட்டையில தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் அவையளுக்கு மறக்கச் சொல்லி அறிவிக்கவேண்டியது உம்மட பொறுப்பு."

"செய்யிறன் ஐயா. கோப்பு?"

"புதுச் சொல்லெண்டால் மீளாய்வுக் காலம் ஒண்டு இருக்கு. அது முடியும்வரைக்கும் பூட்டித்தான் இருக்கும்."

"எவ்வளவு காலம் ஐயா?"

குலசிங்கம் அவருடைய தோளில் தட்டினார். "அது இரகசியம்" என்றார்.

சில்வெஸ்ரர் வீட்டுப் படலையடிக்கு வந்து நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது, காப்புறுதிக் குடை கையில் இருந்தும் விரிக்க மனமில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இன்றைக்கு எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. ஒன்று ஊருக்குப் போய்விட்டது. மற்றது கந்தோருக்குள் பூட்டியிருந்தது. சிவப்பு ஸ்ரிக்கரைப் பார்த்தபடி சும்மா நின்றார்.

அஞ்சலா தானாகவே வெளியில் வந்தாள். "என்னவாம்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. அவருடைய கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தன்னுடைய இடது கக்கத்துக்குள் வைத்தாள். சின்னதாக, கெட்டியாக, விரலுக்கடியில் ஒன்று உருண்டது.

"இது எப்ப?"

"இண்டைக்குத்தான் கண்டனான். இது அவைக்கும் தெரியாது."

வேலிப்பக்கம் ஓலை அசைந்தது. ஜெனீற்றா எட்டிப் பார்த்தாள். அவள் கண் அவர்களுடைய கைகள் இருந்த இடத்துக்கு ஒரு தரம் போய், உடனே அஞ்சலாவின் முகத்துக்கு வந்துவிட்டது.

"அக்கா," என்றாள், "பல்லு இப்ப எப்பிடி இருக்கு?"

அஞ்சலா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  பிறகு அஞ்சலா கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சுகமில்லை ஜெனீற்றா. இப்ப பக்கத்துப் பல்லும் தொடங்கிட்டுது."

ஜெனீற்றா வாயைப் பொத்தினாள். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் குடுக்கிறன் அக்கா."

"பல்லுக்கெண்டு குடும்."

"ஓம்" என்றாள் ஜெனீற்றா. "பல்லுக்கெண்டுதான் குடுப்பன்."